ஹோம் சில்ட்ரன்: பிரிட்டன் கனடாவுக்குக் கப்பலேற்றிய ஏழைப் பிள்ளைகள்

1869 முதல் 1930-கள் வரை, பிரிட்டனிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் பெற்றோர் துணையில்லாமல் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஒன்டாரியோ மாகாணத்துப் பண்ணைகள். பையன்களுக்கு மாட்டுத் தொழுவம், விறகு, உழவு. பெண் பிள்ளைகளுக்கு அடுக்களை, துணி துவைப்பு, வீட்டுக்காரரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிரிட்டனில் ஏதோ ஒரு ‘ஹோம்’ வழியாக வந்தவர்கள் என்பதால் கனடாவில் இவர்களை ஹோம் சில்ட்ரன் என்றே அழைத்தார்கள். இன்றைய கனடியர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இவர்களின் வழிவந்தவர் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த வரலாற்றைப் புதிதாகப் படிப்பவர்கள் இரண்டு தவறான எண்ணங்களோடு தொடங்குவது வழக்கம். எல்லாரும் அனாதைகள் என்பது ஒன்று. உண்மையில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ, சிலருக்கு இருவருமோ உயிரோடு இருந்தார்கள். கணவனை இழந்த தாய், வேலை போன தந்தை, நோயில் படுத்த பெற்றோர், திருமணமாகாமல் பெற்றவள் ஆகியோரின் பிள்ளைகள் இவர்கள். எல்லாரும் அரசின் ஏழை விடுதியான வொர்க்ஹவுஸிலிருந்து போனவர்கள் என்பது இன்னொன்று. அப்படிப் போனவர்கள் சிறுபான்மையே. பெரும்பங்கு தனியார் தொண்டு இல்லங்களிலிருந்து போனது. ஆனாலும் வொர்க்ஹவுஸ் பிள்ளைகளின் கதையைத் தெரிந்துகொண்டால் முழு ஏற்பாடும் விளங்கும். அவர்கள் விஷயத்தில் மட்டும்தான் அரசு பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டது, விசாரித்தது, நிறுத்தவும் செய்தது. அதனால் காகிதங்களும் மிஞ்சியிருக்கின்றன.

வொர்க்ஹவுஸ் என்றால் என்ன?

1834-இல் இங்கிலாந்து தன் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியது. உடல் வலுவுள்ளவர் அரசு உதவி கேட்டால் வீட்டில் வைத்துக் கொடுப்பதில்லை, வொர்க்ஹவுஸுக்குள் வந்தால்தான் உணவும் உறைவிடமும் என்பது புதிய கொள்கை. உள்ளே இருப்பவரின் நிலை, வெளியே உழைக்கும் மிக ஏழையான கூலிக்காரரின் நிலையைவிட மோசமாகத் தோன்ற வேண்டும் என்றே அதை வகுத்தார்கள். அப்போதுதான் வேறு வழி இருப்பவர் யாரும் வரமாட்டார் என்பது கணக்கு. பல ஊர்களைச் சேர்த்து ஒரு யூனியன். அதை நடத்த உள்ளூர் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்த கார்டியன்கள் குழு. உள்ளே நுழைந்த குடும்பத்தை ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனிப் பகுதிகளுக்குப் பிரித்தார்கள். சொந்த உடையை வாங்கி வைத்துக்கொண்டு சீருடை கொடுத்தார்கள். பெரிய நகரங்களில் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளே இருந்தன. லிவர்பூலின் கர்க்டேல் பள்ளி அவற்றில் ஒன்று.

ஒரு பிள்ளையை வளர்த்து வேலைக்கு அனுப்பும்வரை ஆண்டுதோறும் ஆகும் செலவு உள்ளூர் வரியிலிருந்துதான் போக வேண்டும். இந்த இடத்தில்தான் கனடா ஆசை காட்டியது. கப்பல் கட்டணம், உடுப்பு, அழைத்துச் செல்பவருக்கான தொகை எல்லாம் சேர்த்து 1870-களில் தலைக்குச் சுமார் 8 பவுண்டு. ஒருமுறை கொடுத்தால் அந்தப் பிள்ளையின் பெயர் பேரேட்டிலிருந்து போய்விடும். கார்டியன்கள் எல்லாரும் ஈவிரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை; புகைமண்டிய நகரத்துச் சந்துகளைவிட நல்ல காற்றும் நிலமும் உள்ள நாடு மேல் என்று மனதார நம்பியவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த நம்பிக்கையும் வரிச் சேமிப்பும் ஒரே திசையில் இழுத்ததால், எதிர்க் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனது.

அனுப்பும் முறை

சட்டத்தின் அடிப்படை 1850-இலேயே போடப்பட்டிருந்தது. 16 வயதுக்குட்பட்ட அனாதை அல்லது கைவிடப்பட்ட பிள்ளையைக் கடல்கடந்து அனுப்பக் கார்டியன்கள் செலவழிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை நீதிபதிகள் முன் நின்று சம்மதம் சொல்ல வேண்டும், மேலிடத்து ஒப்புதலும் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வொர்க்ஹவுஸ் சுவரைத் தாண்டி அறியாத எட்டு வயதுப் பிள்ளை, கனடா என்றால் என்ன என்று தெரிந்தா தலையாட்டியிருக்கும்? ‘கைவிடப்பட்ட’ என்பதையும் தாராளமாக நீட்டிப் பொருள் கொண்டார்கள். சிறையில் இருக்கும் தந்தையின் பிள்ளையும், எங்கே போனாள் என்று தெரியாத தாயின் பிள்ளையும் அதற்குள் வந்தார்கள். சில மாதம் கழித்துப் பிள்ளையைத் திரும்பப் பெற வந்த தாய்க்குக் கிடைத்தது, கப்பல் போய்விட்டது என்ற பதில்.

தொண்டு இல்லங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. பெற்றோர் சேர்க்கும்போதே வெளிநாடு அனுப்பச் சம்மதம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைக்குறி இட்டார். தகுதியற்றவர் என்று இல்லம் முடிவுகட்டிய உறவினருக்குக் கப்பல் புறப்பட்ட பிறகே கடிதம் போன நேர்வுகளும் உண்டு. லண்டனில் பிள்ளைகள் இல்லங்களை நடத்திய டாக்டர் தாமஸ் பர்னார்டோ இத்தகைய செயலைப் ‘பரோபகாரக் கடத்தல்’ என்று தானே வெளிப்படையாகச் சொன்னவர். தவறான வீட்டிலிருந்து மீட்பதற்கு அது நியாயம் என்பது அவர் வாதம். சட்டத்தோடு பலமுறை மோதினார். 1891-இல் வந்த பிள்ளைகள் பொறுப்புரிமை (கஸ்டடி) சட்டத்துக்கு ‘பர்னார்டோ சட்டம்’ என்றே பெயர் நிலைத்தது.

தொடங்கி வைத்தவர்கள் இரண்டு பெண்கள். மரியா ரை 1869-இல் நயாகரா-ஆன்-த-லேக் என்ற ஊரில் பழைய சிறைக் கட்டடம் ஒன்றை வாங்கித் திருத்தி, அங்கே முதல் குழுவைக் கொண்டுவந்தார். அவர் அழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். வொர்க்ஹவுஸ்களிலிருந்து நிறையப் பேரை எடுத்தார். கிழக்கு லண்டனில் தீப்பெட்டி செய்யும் குழந்தைகளிடையே பணிசெய்த ஆன்னி மக்பர்சன் 1870-இல் நூறு பையன்களோடு வந்தார். பெல்வில், கால்ட், நோல்டன் ஆகிய ஊர்களில் இல்லங்கள் அமைத்தார். பின்னால் பர்மிங்ஹாமிலிருந்து ஜான் மிடில்மோர், ஸ்காட்லாந்திலிருந்து வில்லியம் குவாரியர், கத்தோலிக்கக் குழுக்கள், 1882 முதல் தன் பெயரிலேயே பர்னார்டோ என்று வரிசை நீண்டது. பர்னார்டோ அமைப்பு மட்டும் ஏறத்தாழ 30,000 பேரை அனுப்பியது.

பயணம் பெரும்பாலும் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து. நீராவிக் கப்பலில் பத்து நாள் அளவில் ஆகும். ஆளுக்கொரு பெட்டி, அதில் குளிருக்கான உடுப்பு, காலணி, பைபிள். பெரும்பாலான குழுக்கள் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறையாத மாதங்களில் போய் கியூபெக்கில் இறங்கும். குளிர்காலத்தில் வந்தால் ஹாலிஃபாக்ஸ் போன்ற கடற்கரைத் துறைமுகம். அங்கிருந்து ரயிலில் வரவேற்பு இல்லத்துக்கு. சில நாளிலேயே பண்ணைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். கழுத்தில் தொங்கும் அடையாளச் சீட்டோடு ஊர்ப்பெயர் தெரியாத ரயில் நிலையத்தில் தனியே இறங்கிய பிள்ளைகள் பலர். அண்ணன் தம்பியாக வந்தவர்கள் வேறு வேறு ஊருக்குப் போனார்கள். ஒரு பண்ணைக்கு ஒரு ஆள் போதும் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

இந்த ஏற்பாட்டின் இதயம் பண்ணைக்காரரும் இல்லமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்தான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிள்ளை வேண்டும் என்கிற விவசாயி விண்ணப்பம் அனுப்புவார்; உள்ளூர்ப் பாதிரியாரோ மதிப்புள்ள வேறொருவரோ நற்சான்று கொடுப்பார். பாதிரியாருக்கு அந்த விவசாயி தன் சபையின் ஆள், சிலசமயம் நன்கொடையாளர். சான்று மறுப்பது அவருக்கு எளிதல்ல. விண்ணப்பங்களோ வந்திறங்கும் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. கூலியாட்கள் மேற்குப் பக்கம் நிலம் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

ரை அம்மையாரின் அச்சிட்ட படிவத்தின்படி, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பதினைந்து வயதுவரை சோறு, உடை, படுக்கை, ஞாயிறு பள்ளி, கூலி இல்லை. 15 முதல் 17 வரை மாதம் 3 டாலர் கூலி, ஆனால் உடுப்பைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் மாதம் 4 டாலர். சிறு பிள்ளைகளைத் தத்து என்ற பெயரில் கொடுத்தார்கள். தத்து என்றால் என்ன என்று ஒரு சிறுமியைக் கேட்டபோது, சம்பளம் இல்லாமல் வேலை வாங்க ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது என்று அவள் சொன்ன பதில் அரசு அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது.

பர்னார்டோ அமைப்பு கொஞ்சம் வேறு விதமாகச் செய்தது. வேலைசெய்யும் வயது வராத பிள்ளைகளைக் குடும்பங்களில் தங்கவைத்து மாதம் 5 டாலர் அளவில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது. வயது ஏறியதும் பணம் நிற்கும். பிறகு அதே வீட்டில் வேலைக்கு இருக்கலாம். அல்லது புது வீட்டுக்குப் பெயரலாம். பெரும்பாலும் பெயர்ந்தார்கள். நாலு வருடமாக அம்மா என்று கூப்பிட்டவளை விட்டுப் போகும் பிள்ளைக்கு அது இரண்டாவது பிரிவு.

எங்கே பழுது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. கூலி வயதை எட்டும்வரை பிள்ளை பண்ணைக்காரருக்கு லாபம், எட்டியதும் செலவு. ஆகவே பதினைந்து நெருங்கும்போது, கீழ்ப்படிவதில்லை என்று காரணம் சொல்லித் திருப்பியனுப்பிவிட்டு இன்னொரு சிறு பிள்ளையைக் கேட்பது பல பண்ணைகளுக்குக் கட்டுப்படியானது. ஒரே பிள்ளை நாலைந்து வீடு மாறியதை ஆவணங்களில் அடிக்கடி பார்க்கலாம். பிற்காலத்தில் கூலியை மொத்தமாக ஒப்பந்த முடிவில் கொடுக்கும் முறை வந்தது. இடையில் ஓடிப்போனால் தொகைக்கு வழக்கு. அடி தாங்காமல் ஓடினவனும் அதற்குள் அடக்கம்.

பள்ளியும் அப்படித்தான். ஒன்டாரியோவின் 1871-ஆம் ஆண்டுச் சட்டம் 7 முதல் 12 வயதுவரை ஆண்டுக்கு நாலு மாதம் பள்ளி கட்டாயம் என்றது. ஹோம் பிள்ளைகளுக்கு அந்த நாலு மாதம் என்பது அறுவடை முடிந்து உழவு தொடங்காத பனிக்காலம். பனி மிகுந்தால் அதுவும் இல்லை. வசந்தத்தில் படித்ததை மறந்து, அடுத்த குளிரில் அதே பாடப்புத்தகத்தில் மறுபடி தொடங்குவார்கள்.

டாயில் கண்டது

1874-இல், வொர்க்ஹவுஸ்களை மேற்பார்வையிட்ட பிரிட்டனின் உள்ளாட்சி வாரியம் ஆண்ட்ரூ டாயில் என்ற மூத்த ஆய்வாளரைக் கனடாவுக்கு அனுப்பியது. ஏழைகள் சட்ட நிர்வாகத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர். அவர் பண்ணை பண்ணையாகப் போய்ச் சுமார் 400 பிள்ளைகளை நேரில் பார்த்தார். 1875-இல் வெளியான அவர் அறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. நல்ல வீடுகளில் நன்றாக இருக்கும் பிள்ளைகளையும் அவர் மறைக்கவில்லை. அவர் குறை சொன்னது அடித்தளத்தை. கனடா வேலைக்கு எந்தப் பயிற்சியும் தராமல் கொண்டுவருகிறார்கள். வீட்டைச் சரியாக விசாரிக்காமல் கொடுக்கிறார்கள். கொடுத்தபின் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ரையின் ஏற்பாட்டில் சில பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. பிள்ளை கஷ்டப்பட்டால் சொல்ல ஆள் இல்லை. அஞ்சல் தலைக்குக் காசு இல்லை. அடுத்த வீடு ஒரு மைல் தள்ளி.

கனடா நாடாளுமன்றக் குழு ஒன்று அதே ஆண்டு சாட்சிகளை விசாரித்து ஏற்பாட்டுக்கு ஆதரவாகவே பேசியது. ரை கடுமையாக மறுத்தார். ஆனாலும் வாரியம் வொர்க்ஹவுஸ் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவைத்தது. 1883 வரை அந்தத் தடை நீடித்தது. தொண்டு இல்லங்களை அது கட்டுப்படுத்தவில்லை. டாயில் சொன்ன அதே குறைகளோடு அவர்களின் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். பழுது எங்கே என்று 1875-இலேயே அச்சில் தெளிவாக இருந்தது; அதற்குப் பிறகு இன்னும் அரை நூற்றாண்டு பிள்ளைகள் போனார்கள்.

1883-க்குப் பிறகு வொர்க்ஹவுஸ் பிள்ளைகளுக்கு நிபந்தனைகள் வந்தன. அனுப்புவதற்கு முன் குறிப்பிட்ட காலம் பயிற்சி, மருத்துவச் சான்று, போய்ச் சேர்ந்த முகவரி வாரியத்துக்கு, கனடாவின் குடியேற்ற அதிகாரிகள் ஆண்டுக்கொருமுறை நேரில் பார்த்து அறிக்கை. உடல்நலம், பள்ளி, தேவாலயம், நடத்தை, வீட்டின் நிலை என்று அறிக்கையில் பகுதிகள். ஆண்டுக்கொருமுறை என்றால் மீதி 364 நாள் இருக்கிறது. அதைவிட மோசம், ஆய்வாளர் பிள்ளையைப் பண்ணைக்காரர் காதுபடவே கேட்பதுண்டு. இரவு அந்த வீட்டிலேயே தூங்க வேண்டிய பிள்ளை என்ன சொல்லும்? ‘நலம், திருப்தி’ என்ற இரண்டு சொற்கள் அறிக்கைக்கு அறிக்கை வருகின்றன; அவற்றை அப்படியே நம்பி எழுதிய வரலாறுகள் தவறின.

கனடியர்கள் எதிர்த்தது ஏன்?

எதிர்ப்பு இருந்தது, ஆனால் பெரும்பாலும் பிள்ளைகளுக்காக அல்ல, பிள்ளைகளை எதிர்த்து. தொழிற்சங்கங்கள் கூலி குறையும் என்றன. சில மருத்துவர்களும் பத்திரிகைகளும் சேரிப் பிள்ளைகளின் இரத்தத்திலேயே நோயும் குற்றமும் இருப்பதாகப் பேசினார்கள். பள்ளியில் ‘ஹோம் பாய்’ என்பது வசவானது. ஊரில் ஏதாவது திருட்டுப் போனால் முதலில் சந்தேகம் அவன்மேல். வளர்ந்தபின் தாங்கள் எப்படி வந்தோம் என்பதைக் கணவன் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதற்கு இந்த அவமானமே முதல் காரணம்.

1895-இல் ஒன்டாரியோவின் ஓவன் சவுண்ட் அருகே ஒரு பண்ணையில் பர்னார்டோ பையன் ஒருவன் இறந்தான். உடலில் காயங்களும் பட்டினியின் அடையாளங்களும் இருந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். வேலைக்கு வைத்திருந்த பெண்மீது வழக்கு நடந்தது. ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பத்திரிகை விவாதத்தில் பாதி, அந்தப் பையன் பிறவியிலேயே குறைபாடுள்ளவன் என்பதைப் பற்றியே ஓடியது. அதன் பிறகு வந்த 1897-ஆம் ஆண்டு ஒன்டாரியோ சட்டம் பிள்ளைகளைக் கொண்டுவரும் அமைப்புகளுக்கு உரிமமும் ஆய்வும் கட்டாயமாக்கியது. சில ஆண்டுகளில் கனடா மத்திய அரசும் இதற்கென்றே தனி ஆய்வாளரை வைத்தது.

முதல் உலகப் போரில் இவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியப் படையில் சேர்ந்தார்கள். ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க இலவசமாகக் கிடைத்த ஒரே பயணம் பலருக்கு அதுதான்.

முடிவு 1920-களில் வந்தது. சில பையன்கள் தற்கொலை செய்துகொண்டது இரு நாட்டிலும் பேச்சானது. 1924-இல் தொழிற்கட்சியின் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தலைமையில் ஒரு குழு கனடா போய்ப் பார்த்தது. பள்ளிப் படிப்பு முடியும் வயது வராத பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது என்றது. அந்த வயதில் கனடா இவர்களை வளர்க்க அல்ல, வேலைக்கே எடுக்கிறது என்று நேராக எழுதியது. 1925 முதல் 14 வயதுக்குட்பட்டவர் பெற்றோரின்றி வர கனடா தடைவிதித்தது. 1928-இல் அதை நிரந்தரமாக்கியது. பெரிய பையன்கள் வருவதும் பொருளாதார மந்தத்தில் ஏறத்தாழ நின்றது. வான்கூவர் தீவின் ஃபேர்பிரிட்ஜ் பண்ணைப் பள்ளிக்கு மட்டும் 1935-க்கும் 1948-க்கும் இடையே முன்னூற்றுச் சொச்சம் பிள்ளைகள் வந்தார்கள்.

2010 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். கனடாவின் மக்களவை 2017 பிப்ரவரியில் ஒருமனதாக மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. செப்டம்பர் 28 அங்கே பிரிட்டிஷ் ஹோம் சைல்ட் நாள். டொரன்டோவில் வாழும் தமிழர்கள் எட்டோபிகோவின் பார்க் லான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், பெயர்ப்பலகையின்றிப் புதைக்கப்பட்ட 75 ஹோம் பிள்ளைகளுக்காக 2017-இல் எழுப்பிய நினைவுக்கல்லைப் பார்க்கலாம்.

ஒரு பிள்ளையைத் தேடுவது எப்படி?

கனடா நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தின் ஹோம் சில்ட்ரன் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. இணையத்தில் இலவசம். கப்பல் பெயர், வந்த தேதி, அனுப்பிய அமைப்பு கிடைக்கும். பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். கப்பல் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வயது ஓரிரண்டு வருடம் கூடக் குறைய இருக்கும். கப்பல் பட்டியலில் ஒரு பெயரைக் கண்டதும் அதே குழுவில் மேலும் கீழும் படியுங்கள். அதே குடும்பப் பெயரோடு உடன்பிறந்தவர் இருக்கக்கூடும்.

அடுத்தது 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. குடும்பத் தலைவரோடு உறவு என்ற இடத்தில் வேலையாள், வீட்டு உதவி, தத்து என்று எழுதியிருப்பார்கள். வந்த ஆண்டும் உண்டு. தத்து என்றிருந்தால் பண்ணைக்காரரின் குடும்பப் பெயரிலேயே பதிவாகியிருக்கலாம். பலர் இந்த இடத்தில் தடம் தவறவிடுகிறார்கள். போருக்குப் போயிருந்தால் படையில் சேரும் படிவம் பொக்கிஷம். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் இங்கிலாந்தில் இருக்கும் தாயின் பெயரும் தெருவும் கிடைக்க வாய்ப்புண்டு.

பிறகு பிரிட்டன் பக்கம். தொண்டு இல்லம் வழியாகப் போனவரென்றால் அந்த அமைப்பிடமே எழுத வேண்டும். பர்னார்டோவில் சேர்க்கைக் குறிப்பும் பெரும்பாலும் ஒரு புகைப்படமும் இருக்கும். கட்டணம் உண்டு, காத்திருப்பும் உண்டு. வொர்க்ஹவுஸ் பிள்ளை என்றால் அந்த யூனியனின் கார்டியன்கள் கூட்டக் குறிப்புகளைத் தேடுங்கள். அவை அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. யூனியன்கள் மேலிடத்தோடு நடத்திய கடிதப் போக்குவரத்து லண்டன் குயூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்.ஹெச். 12 என்ற தொகுப்பில் கட்டுக்கட்டாக உண்டு. தேடும் பிள்ளையின் பெயர் மட்டுமல்ல, தாயின் பெயரையும் சேர்க்கை விலகல் பேரேட்டில் பாருங்கள். பிள்ளை கப்பலேறிய பிறகும் அவள் உள்ளே வந்துபோயிருந்தால், ஆவணத்தில் ‘கைவிடப்பட்ட’ என்று எழுதியது பொய் என்பதற்கு அந்த வரியே சாட்சி.